தூக்கத்தில் குறைந்த பந்துகள்

என் தோளில் ஒட்டியிருக்கும் மீட்டர், இந்தக் கை வாழ்நாளில் இன்னும் எத்தனை பந்து வீசும் என்று காட்டும். பத்தாயிரத்துக்குக் கீழே போனால் எந்தக் கிரிக்கெட் அணியும் ஒப்பந்தம் தராது. மொட்டைமாடியில் தம்பி மட்டையோடு காத்திருந்தால்கூட அப்பா என்னைப் பந்து போட விடமாட்டார்.

காலையில் அணித் தேர்வு. விடுதியில் எல்லோரும் தூங்கியபின் அறைத்தோழி மெர்லினை எழுப்பினேன்.

"படுக்கும்போது பத்தாயிரத்து நாப்பது இருந்துச்சுடி. இப்ப பத்தாயிரத்துப் பன்னெண்டுதான் மிச்சம்."

"எந்திரிச்சுப் போயி பவுலிங் போட்டியா?"

"இல்லடி. தூக்கத்துல கை தானா சுத்துது. பயமா இருக்கு."

"கனவுலயாவது விக்கெட் விழுந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க வீசியதுபோல் தோள் கனத்தது. "கைய ஷாலால கட்டிலோட சேத்துக் கட்டிடு. விடியற வரைக்கும்."

கொட்டாவி விட்டபடியே இறுக்கி முடிச்சுப் போட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவள், இருட்டில் கேட்டாள்.

"செலக்ட் ஆயிட்டா தெனமும் ராத்திரி யாருடி கட்டிவிடுவா?"

"அப்ப டீம்லயே ஆள் வச்சுக் கட்டிடுவாங்க" என்றேன்.