துக்கத்துக்கு வந்த மக்ரோனி

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் வெண்டல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நாடே முணுமுணுக்கும் பாட்டைப் பாடியவன், திருட்டுப் பூனைபோல.

வாசலில் ஒரு பெண். ஆற்றைத் தாண்டி ஒஹாயோவிலிருந்து காரோட்டி வந்திருக்கிறாள். கையில் மூடி போட்ட பாத்திரம். சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கப்படி, பாத்திரம் திரும்பி வர மேலே தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள்.

"வெண்டலோட அம்மா வீடு இதுதானே? அந்தப் பாட்டைக் கேட்டதிலேர்ந்து மனசே ஆறலைங்க. நீங்க?"

"நான் அவ தங்கச்சி. இவ்வளவு தூரம் வந்தீங்களே, பாவம்," என்றாள் கதவைத் திறந்தவள்.

அம்மா சாகக் கிடக்கிறாள். மகன் மேடையில் பாடிக்கொண்டிருக்கிறான். அவள் கூப்பிடக் கூப்பிட அவன் போனை எடுக்கவில்லை. அதுதான் பாட்டு. கோடையிலிருந்து ரேடியோவைத் திருப்பினால் அதுதான்.

வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லைங்க. தூக்கத்துலயே போயிட்டா. புண்ணியவதி."

கார் கிளம்பியபின் கதவைத் திறந்தவள் பாத்திரத்தோடு உள்ளே வந்து மூடியைத் திறந்தாள். சீஸ் போட்ட மக்ரோனி.

"இவ்வளவு சாப்பாடு வரும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே செத்துருப்பேன்டா," என்றாள் வெண்டலின் அம்மா.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல்வரை வெட்கம் சுட்டது. அவள் உயிரோடிருப்பது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். நம்ம பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நாளை டிவிக்காரர்கள் இந்த வீட்டைப் படமெடுக்க வருகிறார்கள். ரெண்டு நாள் ஓலா சித்தி வீட்டில் போய் இரும்மா என்று சொல்லத்தான் வந்திருந்தான். காலையிலிருந்து நா எழவில்லை.

"அம்மா, நாளைக்கு..."

அவள் கரண்டியாலேயே பின்கதவைக் காட்டினாள். அங்கே அவள் பெட்டி தயாராக இருந்தது. அதன்மேல் கோட்டை மடித்து வைத்திருந்தாள்.

"டிவிக்காரங்க வர்றது கடைத்தெருவுக்கே தெரியும். நீ சாப்பிடு."

தலை குனிந்து சாப்பிட்டான்.

அவள் இன்னொரு கரண்டி எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"பாட்டு நல்லாத்தான்டா இருக்கு. அவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, நீ போனை எடுக்கலைன்னு வருதே, அந்த எடத்துல மட்டும் எனக்கு அழுகை வந்துரும். அது நெசம்தானே."