விட்டுக்கொடுத்தவர்

"ஒரு பெரிய மனுசர் மானியமே வேணாம்னு விட்டுக்குடுக்கிறாரு. நீ இன்னான்னா மேடைக்கு முன்னாடி வந்து நின்னுக்கினு, என் மானியம் எங்கன்னு கேக்குற. கொஞ்சமாவது கூச்சம் வேணாமா?"

கேஸ் ஏஜென்சி மேனேஜர் நடராசன் இப்படிக் கேட்டதும், நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அற்புதமேரியைப் பார்த்தார்கள்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. இன்றைக்குப் பார்த்து ஏஜென்சி வாசலில் பந்தல் போட்டு விழா நடத்துவார்கள் என்று அவள் கண்டாளா?

வசதியுள்ளவர்கள் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று டி.வி.யில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. திண்டிவனத்தில் முதல் ஆளாக விட்டுக்கொடுத்தவர், வேர்க்கடலை மொத்த வியாபாரம் செய்யும் மல்லாட்டை மண்டி சீனுவாசன். 'மானியம் துறந்த மாமனிதர்' என்று பேனரில் எழுதி, கைகூப்பிச் சிரிக்கும் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

அவர் வீட்டில்தான் அற்புதமேரி பாத்திரம் தேய்க்கிறாள். 'இன்னிக்கு ஒரு விசேஷம், நீ சாயங்காலமா வா' என்று அந்த வீட்டம்மா சொன்னதால்தான் இங்கே வரவே அவளுக்கு நேரம் கிடைத்தது.

"சண்டைக்கு வரலீங்க. கொஞ்ச நாளா மானியம் பேங்குல ஏறவே இல்ல. பேங்குல கேட்டா ஆதாரு சேரலன்றாங்க. ஆதாரு சென்டர்ல கேட்டா கேஸ் ஆபீசுக்குப் போன்றாங்க. இங்க வந்தா விழான்றீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடராசன் சிரிக்கவில்லை.

"முழு வெல குடுத்து வாங்க முடியாம வெறகுக்கே போய்ட்டேங்க. என் பொண்ணுக்கு வீசிங்கு. பொகை பட்டாலே மூச்சு இழுக்குது."

"அதெல்லாம் நாளைக்கு வந்து சொல்லு. இன்னிக்குத் தியாகத்தப் பத்திப் பேசுற நாளு."

மேடையிலிருந்த சீனுவாசன் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நம்ம வூட்டுல வேலை செய்யிற பொண்ணுதான். இல்லாதவங்க கேக்கத்தான் செய்வாங்க. இவங்களுக்குக் கெடைக்கணும்னுதானே நம்மள மாதிரி ஆளுங்க விட்டுக்குடுக்கிறது?"

கைதட்டலில் பந்தலே ஆடியது.

அற்புதமேரிக்கு ஏன்டா வந்தோம் என்றாகிவிட்டது. இவ்வளவு பெரிய மனசுக்காரர் விழாவில் போய் அபசகுனம் மாதிரி நின்றோமே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

சீனுவாசன் தொடர்ந்தார். "இதுக்கு மனு வேணாம், ஆபீசு ஆபீசா அலைய வேணாம். ஈசிசேர்ல சாஞ்சுக்கினு போன்ல பட்டன் அழுத்தினேன். நன்றின்னு ஒரு மெசேஜ் வந்துச்சு பாருங்க, கண்ணு கலங்கிப்போச்சு!"

அந்த போனை உயர்த்திக் காட்டினார். முன்வரிசையில் ஒருவர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடராசன் ஓடிப்போய் ஜரிகை போட்ட சால்வையைப் போர்த்தினார். போட்டோகிராபருக்கு முகம் சரியாக விழவில்லை என்று எடுத்து மறுபடியும் போர்த்தினார்.

"அக்கா, இப்பிடி வாங்க."

கவுன்டர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் சகாய பிரியா. "ஆதார் கார்டு வச்சிருக்கீங்களா? குடுங்க, ஜல்தியாப் பாத்துச் சொல்லிர்றேன். கேஸுக்குக் குடுத்த போன் நம்பரு?"

"எனக்கேதும்மா போனு? கனெக்‌ஷன் வாங்கும்போதே, 'என் நம்பரப் போட்டுக்கோ, சிலிண்டரு நானே புக் பண்ணித் தர்றேன்'னு மண்டி அய்யா சொல்லிட்டாரு. அவரு நம்பருதான்."

பிரியா தட்டினாள். திரையைப் பார்த்தாள். எட்டி பேனரைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, ஆதாரு சேரலியா?"

"அதெல்லாம் சேர்ந்துதான் இருக்குதுக்கா." பிரியா குரலைத் தாழ்த்தினாள். "அவரு நம்பர்ல ரெண்டு கனெக்‌ஷன் இருக்குது. அவருது ஒண்ணு, உங்களுது ஒண்ணு. விட்டுக்குடுக்கிறதுக்குப் பட்டன் அழுத்துனா, எந்த கனெக்‌ஷனுக்குன்னு கேக்கும்."

"சரி."

"அவரு கனெக்‌ஷனுக்குப் போன மாசம்கூட மானியம் போயிருக்குதுக்கா."

அற்புதமேரிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகும் மனசு ஒப்பவில்லை.

"கை தவறி மாத்தி அழுத்தியிருப்பாரோ?"

"பேரச் சொல்லித்தான் கேக்கும். அழுத்துன பொறவு, நிச்சயமாவான்னு இன்னொரு வாட்டியும் கேக்கும்."

"சரி, என்னுத எனக்கே திருப்பிக் குடுங்க."

"குடுக்கலாம். ஆனா நீங்கதான் கேக்குறீங்கன்னு உறுதி பண்ண ஒரு ஓடிபி வரும். அது..." பிரியா மேடையைப் பார்த்தாள். "அவரு போனுக்குத்தான் வரும்."

அடுப்படியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே விறகை ஊதும் மகளின் முகம் அற்புதமேரியின் கண்முன் வந்து நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மேடைப்படி ஏறினாள்.

மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று நினைத்து நடராசன் வழிவிட்டார். சீனுவாசனும் பெருந்தன்மையாகச் சிரித்து மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"மானியத்த அப்புறமாப் பேசிக்கலாங்க அய்யா. மொதல்ல அந்தச் சால்வையக் கழட்டிக் குடுங்க. விட்டுக்குடுத்தது நான்தானாம்!"