எட்டாவது வரிசை

பூப்பறிக்கக் குனிந்த கினுயோ அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால், பனி உருகிய மலைச்சரிவில் கதகுரி பூத்திருந்தது. தலையைத் தொங்கப்போட்ட ஊதாப் பூக்கள். ஒவ்வொரு குழியிலும் மூன்று செடி. குழிக்குக் குழி ஒரு சாண்.

காட்டில் தானாக வரும் பூ அது. விதையை எறும்பு இழுத்துப்போகும், கண்ட இடத்தில் முளைக்கும். அதைப்போய் உட்கார்ந்து விதைத்த ஒரே பைத்தியக்காரன் இந்த ஊரில் அவள் புருஷன் யசாகுதான். குழிக்கு மூன்று விதை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், விதைப்பையோடு மலையேறியவன் திரும்பவில்லை. ஊரே தேடியது. போன இலையுதிர்காலத்தில்தான், அவன் செத்துவிட்டதாகக் கோர்ட்டில் தீர்ப்பானது. வரும் ஜூனில் அவளுக்கும் மர மில் வைத்திருக்கும் தோமியோவுக்கும் கல்யாணம்.

"என்ன கல்யாணப் பொண்ணே, பூவோட பேச்சுவார்த்தையா? சீக்கிரம் பறி, எனக்கு இப்பவே நாக்குல எச்சி ஊறுது!" தோமியோ கூடையை ஆட்டிக் காட்டினான். வேகவைத்த கதகுரி என்றால் அவனுக்கு உயிர்.

கினுயோவுக்கு அழுகை வந்தது. விதைத்து எட்டாவது வசந்தத்தில்தான் இது பூக்கும். அப்படியானால் அவன் காணாமல்போன அன்றைக்கு விதைத்தது. பாவி மனுஷன், கடைசியாகச் செய்த வேலை இதுதானா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். இருபது காலடி தள்ளி இன்னொரு வரிசை. பூ இல்லை, ஒற்றை இலைதான். குழிக்கு மூன்று.

ஒற்றை இலைக் கதகுரியை ஊரில் யாரும் பறிக்க மாட்டார்கள். பூக்கும் வயதாகவில்லை என்று அர்த்தம். வயது குறையக் குறைய இலையும் சின்னதாக இருக்கும்.

மறுபடி இருபது காலடி. அதைவிடச் சின்ன இலை.

அவள் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது வரிசையில் இலை சுண்டுவிரல் நகம் அளவுதான். எட்டாவதைத் தேட, சருகை விலக்க வேண்டியிருந்தது. தலைமுடிபோல் பச்சை இழைகள், மூன்று மூன்றாக. வருஷத்துக்கு ஒரு வரிசை; இவை போன ஜூனில் விதைத்தவை.

 யசாகுவின் பெயர் வாய்வரை வந்தது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கிருந்து வீட்டைப் பார்த்து நடந்தாள், காலடியை எண்ணிக்கொண்டே. பத்தில் விறகுக் கொட்டகை. பதினான்கில் கொல்லைக் கதவு. பதினேழில் அடுப்படி. இருபதாவது அடி உள்ளறைக் கோரைப்பாயில் விழுந்தது.

"ஐயய்யோ, கினுயோ! சேத்து பூட்ஸோடவா பாய்ல ஏறுவ?" பின்னாலேயே ஓடிவந்த தோமியோ வாசலில் நின்று கத்தினான்.

அவள் கீழே பார்த்தாள். கல்யாணத்துக்கென்று அவன் வாங்கிவந்த புது மெத்தை இரண்டும் அவள் காலடியில் சுருட்டிக் கிடந்தன.

ஜூனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.