நிலைக்காலைத் தொடாதே!

"ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது! நானூறு வருஷத்து ஓக் மரம் இது" என்று வாசல் நிலைக்காலைத் தடவிக் கொடுத்தார் மிஸ்டர் கிம்பர்.

எங்கள் கிராமத்துப் பழைய வீடுகள் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கூரை வைக்கோலில் ஒரு துரும்பு மாறினாலும் கவுன்சிலுக்குக் கடிதம் பறக்கும்.

அந்த வீட்டுக்காரி முரியலுக்கு அழுகையே வந்துவிட்டது. "ரெண்டே அங்குலம் செதுக்கிக்கறேன் மிஸ்டர் கிம்பர். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் செசில் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரார். சக்கர நாற்காலி இந்த வாசல்ல நுழையலைன்னா அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போயிடுவாங்க."

"முடியாதும்மா."

"அப்ப கூரையைப் பிரிச்சு அவரை உள்ள இறக்கட்டுமா?"

"கூரையா? அதையும் தொடக் கூடாது!"

பக்கத்து வீட்டுக்காரி நான், சும்மா இருக்க முடியுமா? "உங்களுக்கு மனுஷனைவிட மரம் பெருசா?" என்று கேட்டேவிட்டேன்.

"செசில் என்னிக்காவது எழுந்து நடப்பான். வெட்டின மரம் ஒட்டுமா?" என்றபடி போய்விட்டார். கல்நெஞ்சுக்காரர்!

வியாழக்கிழமை காலை, முரியலும் நானும் அவள் வீட்டுத் தோட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கிம்பர் தன் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி வந்தார். எங்களைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினார். நேரே போய்ச் சமையலறைச் சுவரில் மோதினார்.

படார்! மண்ணும் சுள்ளியும் சுண்ணாம்புமாகச் சுவர் சரிந்தது.

"அடப்பாவி மனுஷா! என் வீட்டையே இடிச்சுட்டீங்களே!" என்று கத்தினாள் முரியல்.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். "இருங்க, இந்தத் தடவை கவுன்சிலுக்கு நான் எழுதறேன்!"

"தாராளமா எழுதுங்க. பிரேக் பிடிக்கலைன்னு எழுதுங்க." கிம்பர் இறங்கி, ஓட்டைக்கு இருபுறமும் நின்ற ஓக் நிலைக்கால்களைக் கைக்குட்டையால் துடைத்தார். ஒரு கீறல் இல்லை.

"இது சுவரே இல்லைம்மா. அந்தக் காலத்துல மாடு நுழையற வாசல். பின்னால வந்த எவனோ குச்சி நட்டு மண்ணைப் பூசி அடைச்சுட்டான். பழைய வாசல் வெளிய தெரிஞ்சுட்டா மறுபடி மூடக் கூடாது, அது எங்க குழு விதி. மூடினா நானே புகார் கொடுப்பேன்!"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றாள் முரியல்.

"சொன்னா அனுமதி கேட்கணும். எங்க குழு எட்டு மாசம் இழுக்கும். தலைவரே நான்தானே, எனக்குத் தெரியாதா?"

சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஓட்டையை அளந்தார்.

"முப்பத்தாறு அங்குலம். செசிலுக்கு இது போதுமா, இல்ல இன்னொரு தடவை பிரேக் பிடிக்காம வரட்டுமா?"