இருநூற்றுப் பதினோரு இலக்கம்

“கட்டுரையில என் பேரு மொதல்ல வரணும் சார்.”

கைடிடம் எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர் சத்யப்ரியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பாண்டிமீனா கேட்டேவிட்டாள்.

பேராசிரியர் செல்வக்குமார் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மொதல்ல என் பேரு. ரெண்டாவது எங்க மாப்பிள்ளை பேரு. அவருக்குப் புரமோஷனுக்கு ஒரு கட்டுரை கொறையுது. உனக்குத்தான் கடைசியில நன்றின்னு ஒரு வரி இருக்கேம்மா.”

“நன்றியா? ஒன்றரை வருசம் தேடுனது நானு. ஒண்ணும் ஏழும் மட்டுமே வர்ற இருநூத்திப் பதினோரு இலக்கம். நேரா வாசிச்சாலும் பகா எண், திருப்பிப்போட்டு வாசிச்சாலும் பகா எண். அதுல உங்க மாப்பிள்ளை எந்த இலக்கத்தைக் கண்டுபிடிச்சாரு?”

“வாயக் கொறை. உங்க வீட்டுல மொத டிகிரியே நீதான? உங்க ஊரு கொட்டாம்பட்டியில போயி இம்புட்டு நீளத்துக்கு நம்பர் சொன்னா, இது யாரு செல்போன் நம்பருன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். அதுக்காக அது உங்க நம்பராயிருமா?”

அவர் இப்போதுதான் நாற்காலியைத் திருப்பினார். “உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் நாலு வருடப் படிப்பும் போச்சு. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிடம். ஐந்து மணிக்குள் கட்டுரை இதழுக்குப் போயாக வேண்டும். போய்விட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

“கடைசியாக் கேக்குறேன் சார். ரெண்டாவதாவாச்சும் போடுவீங்களா?”

“ஃபைலைத் தராம ஒளிச்சு வச்சா நான் விட்டுருவேன்னு நெனச்சியாக்கும்? உன் பிரிண்ட்டைப் பாத்து ஒவ்வொண்ணா நானே தட்டிட்டேன். இனிமே உன் தயவு எதுக்கு?” விசையை ஓங்கி அழுத்தினார். “இந்தா, போயிருச்சு.”

பாண்டிமீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“போறேன் சார்.”

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வெளியே வந்தாள். கல்லூரி வாசலில் பேராசிரியரின் சிரித்த முகம் போட்ட புது பிளெக்ஸ். கட்டுரை வருவதற்கு முன்பே கட்டிவிட்டார்கள். முகத்துக்குக் கீழே அந்த எண், அவர் தட்டிக் கொடுத்தபடியே. நின்று பார்க்காமல் நடந்தாள்.

காலையிலேயே அந்த பிளெக்ஸில் இருந்த இலக்கங்களை மூன்று முறை எண்ணிவிட்டு, பேர் போட்டால் மட்டும் சொல்வது என்ற முடிவோடுதான் அவள் மாடியேறியிருந்தாள். தட்டும்போது அவர் ஓர் ஏழை விட்டுவிட்டார். மிச்சமிருந்த இருநூற்றுப் பத்து இலக்கங்களையும் கூட்டிப் பார்க்கும் எந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும், அது மூன்றால் வகுபடும் என்று.