மூக்குத்தி வரைக்கும்

கிணறு வெட்டும்போது கீர்த்தனாவுக்குக் கிடைத்த டூர்மலின் என்ற பச்சை ரத்தினக்கல், அதைத் தேடி வீட்டுக்கே வந்த கம்பெனிக்காரனின் பைக்குள் போயிருந்தது.

"உங்க கம்பெனி பொறக்கறதுக்கு முன்னாலயே இது பூமிக்குள்ள கெடந்துதுங்க!"

"கெடந்திருக்கலாமுங்க. ஆனா போரானும் அலுமினியமும் சிலிக்கானும் இப்படி அடுக்கியிருந்தா அது எங்களுதுன்னு காப்புரிமை வாங்கியாச்சு. இதே சாடையில அடுக்கியிருக்கற மத்த கல்லுங்களும் எங்களுதுதான்."

அவன் கையிலிருந்த, கல்லைச் சோதிக்கும் கருவி அவள் பச்சைக்கல் மூக்குத்தியைப் பார்த்தும் கத்தியது.

"அதையும் கழட்டிக் குடுத்துருங்க."

கீர்த்தனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள்.

"அந்தக் கல்லு இருந்த பாறை, இந்த வாசப்படிக்கு அடியில ஆரம்பிச்சு அந்த மலை வரைக்கும் போகுது, அதுக்குள்ளயும் இதே கல்லுதான். முதல்ல அதப் பூராப் பேத்து எடுத்துட்டுப் போடா. மூக்குத்திய அப்பறம் கழட்டறேன்."