கிளி பேசிய இங்கிலீஷ்

ஒரு இங்கிலீஷ் டியூஷன் வாசலில் கிளிக்கூண்டு ஒன்று தொங்கியது. கிளி கொத்திச் சிந்துகிற சோறுதான் கீழே படுத்திருந்த செவலை நாய்க்குச் சாப்பாடு.

நிகழ்காலப் பாடம் தொடங்கியதும் வந்தது வினை. காலையில் வாத்தியார் சோற்றோடு வந்து, "வாட் ஆர் யூ டூயிங்?" என்று கேட்பார். "ஐ ஆம் ஈட்டிங்" என்று கிளி பிசிறில்லாமல் சொல்லும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். 'அதுதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதே' என்று வாத்தியார் சோற்றைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார்.

வயிறு ஒட்டிப்போன செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடியே பச்சை! கிண்ணம் காய்ந்து கிடக்கிறது. பசிக்கிறது என்று சொல்லித் தொலையேன்!"

"அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை."

"அப்படியென்றால் கீ கீ என்று கத்து. உன் அம்மா கத்தவில்லையா?"

"சீ, இத்தனை பேர் முன்னாலா? காட்டுக்கிளி என்பார்கள்."

"என்னையும் பட்டினி போட்டுவிட்டு உனக்குக் கௌரவம் கேட்கிறதா?"

செவலை குரைத்த குரைப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் பிரம்போடு ஓடி வந்து அதன் முதுகில் ஒரு போடு போட்டார்.

"சனியனே, கிளியைப் பார்த்தாவது கற்றுக்கொள்!"

செவலை எதிர்ப்பக்கம் போய்ப் படுத்து உறுமிக்கொண்டே கிடந்தது. மறுநாள் வாத்தியார் அதே கேள்வியைக் கேட்டார். பசியில் துவண்டிருந்த கிளியால் "ஐ ஆம்" வரைக்கும்தான் சொல்ல முடிந்தது.

பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள்.